பத்திரிகை மூலையில் ஒரு கட்டம்

“மாறாத க்யூஆர் வேணுமாம்மா, பின்னாடி மாத்திக்கிற மாதிரி வேணுமா?” என்று அச்சகக்காரர் இம்மானுவேல் கேட்டார்.

“மாத்திக்கிற மாதிரி” என்றாள் முத்துமீனா.

அந்த மதுரை அச்சகத்தில் மகளின் கல்யாணப் பத்திரிகை மாதிரியை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்த கண்ணுச்சாமி தலையைத் தூக்கினார்.

“என்னத்த மாத்தப் போற?”

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை சிவபாண்டி ஒரு வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றான். மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தான். போய்விட்டான். பிடிக்கவில்லை என்று சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. பிடித்திருக்கிறது என்று சொல்லவும் ஒன்றுமில்லை.

அதற்குள் கொட்டாம்பட்டியில் மண்டபம் பிடித்தாயிற்று. புடவையை அத்தை எடுத்துவிட்டாள். பாயசம் பருப்பா சேமியாவா என்பதைக்கூடப் பெரியப்பா முடிவு செய்துவிட்டார்.

இந்தக் கல்யாணத்தில் அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, மண்டபத்துக்கு வழி காட்டும் இந்தக் கறுப்புக் கட்டத்தைப் பற்றியதுதான்.

ஓடிப்போகும் எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. ஒரு கதவு சாத்தாமல் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், உள்ளே நிம்மதியாக உட்கார்ந்துவிடுவாள்.

இம்மானுவேல் கண்ணுச்சாமிக்கு விளக்கினார். “அண்ணே, மாறாததுன்னா மண்டபத்து முகவரி அம்புட்டையும் கட்டத்துக்குள்ளயே அடைச்சிருவோம். எள்ளக் கொட்டுன மாதிரி நெருக்கமா இருக்கும். அடிச்சா அடிச்சதுதான். மாத்துறதுன்னா உள்ள சின்ன முகவரிதான், காத்தோட்டமா இருக்கும். மழை பேஞ்சு மண்டபத்துல தண்ணி நின்னாக்கூட, போன்லயே வழிய வேற மண்டபத்துக்குத் திருப்பி விட்றலாம். எவனாச்சும் ஸ்கேன் பண்ணா, எந்த ஊருன்னு நம்ம போனுக்கு டிங்குனு சேதியும் வந்துரும்.”

“என் வாக்கு மாறி எவனாச்சும் பாத்திருக்கானா?” என்றார் கண்ணுச்சாமி. “மக கல்யாணத்துக்கு மாறுற க்யூஆரு போட்டான்னு நாலு பேரு பேசவா? எள்ளக் கொட்டுனதையே போடு தம்பி. நல்லா நெருக்கிக் கொட்டு.”

“மழை பேஞ்சா என்னப்பா செய்வீங்க?”

“நனைவோம்.”

கண்ணுச்சாமி தீர்ப்புச் சொல்கிறவர் போல மாதிரியை மேசைமேல் வைத்தார். “சம்பந்தி வீட்டுப் பத்திரிகையும் ஒங்கிட்டதான அடிச்சாக? அவுக எதப் போட்டிருக்காகளோ அதையே போடு. முடிஞ்சது.”

இம்மானுவேல் காதைச் சொறிந்தார். “அதுண்ணே… பெரியவங்க வந்து ஒண்ணு சொல்லிட்டுப் போனாங்க. அப்புறம் மாப்ள மட்டும் தனியா வந்து…”

“மாப்ளயே வந்தாரா? பொறுப்பான புள்ள. எடு, பாப்போம்.”

சம்பந்தி வீட்டார் மறுநாள் எடுத்துப் போவதற்காகக் கட்டி வைத்திருந்த பத்திரிகைக் கட்டிலிருந்து இம்மானுவேல் ஒரு பத்திரிகையை உருவினார். கண்ணுச்சாமி தன் போனை அதன்மேல் காட்டினார். மண்டபத்தின் வழி வந்தது.

“பாத்தியா? மண்டபத்துல போயி நிக்குது. அசையுதா?”

முத்துமீனா பத்திரிகையின் மூலையைப் பார்த்தாள்.

எள் இல்லை. காற்றோட்டமாக இருந்தது.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. என்னிடம் என்ன குறையைக் கண்டுவிட்டு இவன் கதவைத் திறந்து வைத்திருக்கிறான்? அந்த பஜ்ஜிகூட அவள் போட்டதுதான். கோபம் போகப் போக யாருடையது என்று தெரியாமல் ஆகி, உதட்டோரத்தில் சிரிப்பாக வந்து நின்றது. அன்று மின்விசிறியைப் பார்த்தபடி அவனும் சாத்தாத ஒரு கதவைத்தான் தேடியிருக்கிறான் போல.

“அப்பா சொல்றதுதான் சரி” என்றாள். “அவுக வீட்ல போட்ட மாதிரியே போட்டுருங்கண்ணே.”

இம்மானுவேல் அவள் முகத்தைப் பார்க்காமலேயே தலையாட்டினார். சொன்ன பேச்சைத் தட்டாத மகளைப் பெற்ற நிறைவோடு கண்ணுச்சாமி செருப்பைத் தேடி வாசலுக்குப் போனார்.

அவள் தன் போனை எடுத்து அந்தக் கட்டத்தின்மேல் பிடித்தாள். மண்டபம்.

இன்னொரு முறை பிடித்தாள். மண்டபம்.

இன்னும் யார் கைக்கும் போகாத பத்திரிகை; இன்று அச்சகத்தில் நிற்பது அவள்தான் என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? எங்கோ அவன் சட்டைப்பையில் டிங், டிங் என்று அடித்துக்கொண்டிருக்கும். மதுரை, மதுரை என்று காட்டிக்கொண்டிருக்கும். அவள் விடவில்லை. சாத்தியிருக்கும் வீட்டுக் கதவைத் தட்டுவது போலத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

திரையில் வட்டம் கொஞ்ச நேரம் சுற்றியது.

மண்டபம் வரவில்லை. திருப்பிவிட்ட வழி பசுமலை அடிவாரத்தில் ஒரு ஜூஸ் கடையில் போய் நின்றது.

“வாரியா இல்லையா?” என்று கண்ணுச்சாமி தெருவிலிருந்து கத்தினார்.

“நீங்க முன்னாடி பஸ் ஏறுங்கப்பா” என்றாள் முத்துமீனா. “வழி சரியாக் காட்டுதான்னு நான் ஒருவாட்டி போய்ப் பாத்துட்டு வாரேன்.”