துணைக்கு ஒரு ஆள்

புது ஊருக்குக் குடிபோகப் போதகர் பெட்டியைக் கட்டி முடித்துவிட்டார். மனைவியின் புடவைகள் மட்டும் இன்னும் அலமாரியை விட்டு இறங்கவில்லை.

"அங்க ஒரு சபை எழும்பறதைக் கர்த்தர் எனக்குத் தரிசனத்துல காட்டினாரு. எத்தனை தடவைதான் சொல்றது?"

"உங்களுக்குக் காட்டினவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே. நம்ம பிள்ளையை யாரு பார்த்துக்குவா?"

"உன் தங்கச்சி வாராவாரம் வந்து பார்க்கிறேன்னு சொல்லிட்டாளே."

"அவ பகல்ல வந்து எட்டிப் பார்த்துட்டுப் போயிடுவா. இடி இடிச்சா என்ன பண்றது? என் முந்தானையை விடவே மாட்டான், தெரியாதா உங்களுக்கு?"

"அவனையே நினைச்சுக்கிட்டிருந்தா ஊழியம் எப்படிம்மா நடக்கும்? தேவ சித்தத்துக்குக் குறுக்கே நிக்காதே."

வெளியே வானம் உறுமியது. அவள் சட்டென்று குடையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினாள்.

போதகர் சன்னலருகே போனார். ஆலயத்துக்குப் பின்னால், கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், ஒரு சின்னச் சிலுவைக்கு மேலே குடையை விரித்துப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். முதுகெல்லாம் நனைந்துகொண்டிருந்தது.

மகனை அடக்கம் பண்ணிய நாளுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை.

இன்னொரு குடையைத் தேடி எடுத்தார். சேற்றில் நடந்து போய் அவள் தலைக்கு மேல் பிடித்தார். பிறகு மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உனக்கும் அவர் சொல்லட்டும்மா," என்றார். "அதுவரைக்கும் இங்கேயே இருப்போம்."