பதினொரு மணி ஹேர் டிரையர்

‘ஹேர் டிரையர் ஆன்’ என்று போனில் செய்தி வந்தபோது மணி பதினொன்று. ரத்தப் பரிசோதனை லேபில் நின்றுகொண்டிருந்த அவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

டிரையர் அவளுடையது. வீட்டில் இருப்பதோ வீட்டிலிருந்தபடியே கட்டட பிளான் வரையும் கணவன் மட்டும். அவன் தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது.

கரண்ட் பில் எகிறுகிறது என்று எல்லாவற்றுக்கும் ஸ்மார்ட் பிளக் மாட்டி, அவள் போனில் ஆப் ஏற்றிக் கொடுத்தவன் அவனேதான். எது எப்போது ஓடியது, எவ்வளவு கரண்ட் இழுத்தது என்று எல்லாம் அதில் வரிசையாக நிற்கும். பத்து நாளாக டிரையர் தினமும் கால் மணி நேரம் ஓடியிருக்கிறது. அவள் வீட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை.

அவள் முடி ஐந்தே நிமிடத்தில் காய்ந்துவிடும். கால் மணி நேரம் என்றால் வருகிறவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற கூந்தலாக இருக்க வேண்டும். அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

“என்னங்க, இன்னிக்கும் டீக்கு வரலையா?” எக்ஸ்ரே எடுப்பவர் கதவருகே நின்றார். புதிதாகச் சேர்ந்தவர். அவர் வாயைத் திறந்தால் டீ மேசையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அவர் அடித்த ஜோக்குகளை அவளே ஒன்றுவிடாமல் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

“நீங்க போங்க சார், எனக்கு வேலை இருக்கு.”

வேலை, ஆப்பில் எரியும் பச்சைப் புள்ளியை முறைப்பதுதான். அது அணைந்தபோது அவளுடைய இடைவேளையும் முடிந்திருந்தது.

போன வாரம் ஒருநாள் ஆய்வுக்கு ஆள் வருவதால் பதினொரு மணி இடைவேளை பன்னிரண்டுக்குத் தள்ளிப்போனது. காலையில் கிளம்பும்போதே அதைச் சொல்லிப் புலம்பிவிட்டுத்தான் வந்தாள். அன்று டிரையரும் பன்னிரண்டுக்குத்தான் ஓடியது. ‘அவளும் எங்கயோ வேலைக்குப் போறவதான். அவ ஆபீஸ்லயும் ஆய்வு போல’ என்று பல்லைக் கடித்தாள்.

எக்ஸ்ரேக்காரரைத் தனியே டீக்கு அனுப்பிய மறுநாள், தலைவலி என்று சொல்லிவிட்டுப் பத்தரைக்கே கிளம்பினாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது போன் அதிர்ந்தது. ஹேர் டிரையர் ஆன். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று தன் சாவியைப் போட்டுச் சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள்.

படுக்கையறையில் டிரையர் இரைந்துகொண்டிருந்தது. கதவைத் தள்ளினாள். கட்டில் ஓரத்தில் கணவன் மட்டும். ஒரு கையில் டிரையர், மறு கையில் பேப்பர். சூடான காற்றில் ஜன்னல் திரை படபடத்தது.

கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். குளியலறைத் தரை காய்ந்து கிடந்தது.

“எங்க அவ?”

“எவ?” அவன் பதறிப்போய் டிரையரை அணைத்தான்.

“நடிக்காதீங்க. பத்து நாளா பாத்துட்டுத்தான் இருக்கேன். வாயில ஒரு சொட்டு டீ வைக்காம, இந்தப் பாழாப்போன போனையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். சொல்லுங்க, யாருக்காக இது ஓடுது?”

“உனக்காகத்தான்.”

“எனக்கா?”

அவன் முகத்தில் திருட்டுக் களை இல்லை. மாறாக, பரீட்சை ரிசல்ட் பார்க்கிறவனைப் போல அவளையே பார்த்தான்.

“அப்ப, பத்து நாளா அந்த எக்ஸ்ரேக்காரனோட நீ டீ குடிக்கவே இல்லதானே?”