ஒற்றைக் கழித்தல்

நீளமான சமன்பாடு ஒரு வரிக்குள் அடங்காமல் திரையில் இரண்டாக உடைந்து நிற்கிறது. புது மென்பொருள் தானாகவே உடைத்திருக்கிறது. முதல் வரியின் கடைசியில் ஒரு கழித்தல் குறி. இரண்டாம் வரியின் தொடக்கத்தில் அதே குறி மறுபடியும். தஞ்சாவூரில் ஒரு மாடி அலுவலகம். அங்கே ஆய்விதழ்களுக்குப் பக்கம் கோக்கும் ஜாஸ்லின் அந்த இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்க்கிறாள். ஜன்னல் வெயில் விசைப்பலகையின் பாதியை வெளுக்க வைத்திருக்கிறது. மேலாளர் ராம்கி சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி பின்னால் நிற்கிறார். “ஓகே கொடும்மா. மெஷின் உடைச்சதுல கை வைக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?” அவள் திரும்பவில்லை. “இது வயல்ல எவ்வளவு தண்ணி நிக்கும்னு சொல்ற கணக்குங்க சார். மண்ணுல ஊறி இறங்குறதைக் கழிக்கணும். ரெண்டு கழித்தல் சேர்ந்தா கூட்டல். இறங்குன தண்ணி திரும்ப வயலுக்கே ஏறி வந்துடும். அப்புறம் மேட்டூரை எதுக்குத் திறக்கணும்?” பக்கத்து மேசையில் ஷோபனா களுக்கென்று சிரிக்கிறாள்.

சாவிக்கொத்து நிற்கிறது. “மாத்துனா உன் பேர்லதான் பதிவாகும். நாளைக்கு வேலை இருக்காது, பாத்துக்க” என்கிறார் ராம்கி. ஜாஸ்லின் ‘தானாக உடை’ என்ற கட்டத்திலிருந்து டிக்கை எடுக்கிறாள். முதல் வரியின் கடைசிக் கோட்டை அழிக்கிறாள். இரண்டாம் வரியின் தலையில் ஒற்றைக் கழித்தல் மட்டும் நிற்கிறது. மாற்றியவர் பெயர் என்ன என்று திரை கேட்கிறது. அவள் அப்பாவின் இனிஷியலோடு தன் முழுப் பெயரையும் அடிக்கிறாள்.