காதில் குரல் இல்லாத ஆட்டம்

பத்து வயதில் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து கெய்தோவின் காதுக்குள் ஒரு கணினிக் குரல் இருந்தது. 'இடப்பக்கம் போ', 'இப்போது குதி' என்று அது சொல்லும்; அவன் செய்வான். மட்சுயாமா கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரனாக அவன் பெயர் வாங்கியது அப்படித்தான். பத்திரிகைகள் அவனுடைய கணிப்பைப் புகழும்போதெல்லாம் அவனுக்குக் கூச்சமாக இருக்கும்.

இந்த சீசனிலிருந்து எல்லா அணிகளிலும் அந்தக் குரலுக்குத் தடை வந்துவிட்டது. தனக்கு உண்மையில் ஆடத் தெரியுமா என்ற பயத்தோடுதான் கெய்தோ முதல் ஆட்டத்தில் இறங்கினான்.

பயந்தபடியே நடந்தது. எதிரணியின் முன்கள வீரன் பந்தோடு பாய்ந்து வந்தபோது, வராத உத்தரவுக்காகக் கெய்தோ ஒரு கணம் காத்து நின்றுவிட்டான். கோல் விழுந்தது.

இரண்டாம் பாதியில் அதே வீரன் மறுபடியும் வந்தான். இந்த முறை அவனுடைய இடுப்பு திரும்புவது கெய்தோவின் கண்ணில் பட்டது. சட்டென்று சறுக்கிப் போய்ப் பந்தை வெளியே தட்டிவிட்டான்.

"உனக்கு யார்றா சொன்னா?" என்று கத்தினான் கோல்கீப்பர் ஒகிஹாரா.

"யாருமே சொல்லலடா!"

ஆட்டம் அந்த ஒரு கோலில் தோல்வியாகவே முடிந்தது. மைதானத்து வாசலில் காத்திருந்த அக்கா சயூரி, எப்படித் தேற்றுவது என்று தெரியாமல் அவன் பையை வாங்கிக்கொண்டாள்.

"கோல் என்னாலதான் போச்சுக்கா."

"பரவால்லடா, விடு."

"இல்லக்கா. அந்தத் தப்பு என்னோடது. அடுத்ததைத் தடுத்ததும் நான்தான்."

ஒரு வாரமாகச் சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைத்தவன், எதிரே இருந்த நூடுல்ஸ் கடையைப் பார்த்தான்.

"வாக்கா, ரொம்பப் பசிக்குது."