கேப்டன் வண்டி

"இன்னுமா உசிர் வரல?"

கேப்டன் தலையில் ஹெல்மெட்டோடு வாசலுக்கும் ஷெட்டுக்கும் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தார். 'கேப்டன்' என்பது பைக் கூட்டாளிகள் வைத்த பட்டம். தெருமுனையில் அவர்கள் ஏற்கெனவே ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றான் மெக்கானிக், அந்த நீளமான க்ரூஸர் பைக்கின் பக்கத்தில் குந்தியபடி. ஸ்டார்ட்டரை அமுக்கினால் இன்ஜின் கிர்கிர்ரென்று சுற்றியது. பிடிக்கத்தான் மாட்டேன் என்றது.

எப்படிப் பிடிக்கும்? அதற்கு வேண்டிய ஃபியூஸ் மெக்கானிக்கின் சட்டைப் பையில் அல்லவா இருந்தது!

சர்வீஸ் முடிந்த வண்டியை நேற்று கொண்டுவந்து நிறுத்தும்போதே கழற்றிவிட்டான். எல்லாம் கேப்டன் மனைவியின் வேலை. கடைக்கே தேடி வந்து புலம்பியிருந்தாள்.

"போன தடவை வளைவுல விழுந்து தோள்ல பிளேட் வெச்சது உனக்கே தெரியும் தம்பி. சொன்னா கேக்குற ஜென்மமா அது? இப்ப மறுபடியும் மலையாம். வண்டி கிளம்பக் கூடாது, அவ்வளவுதான். கூடப்பொறந்தவளா நெனச்சு செய்யி."

அவள் இப்போது நிலைப்படியில் நின்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பேட்டரியா இருக்குமோ?" என்றார் கேப்டன்.

"இன்ஜின் இப்படிச் சுத்துதேண்ணே. பேட்டரி நல்லாத்தான் இருக்கு."

"அப்ப பிளக்கைக் கழட்டு."

கழற்றினான், துடைத்தான், மாட்டினான். கிர்கிர்.

"பெட்ரோல் வர்ற டியூபைப் பாரு. காத்து போற வழியில தூசி அடைச்சிருக்கும், அதையும் பாரு. நிதானமாப் பாரு, ஒண்ணையும் விட்டுறாதே!"

மெக்கானிக்குக்கு ஆச்சரியம். தூரத்தில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிற மனுஷன். 'வண்டி நின்னா முதல்ல ஃபியூஸைப் பாருங்கடா' என்று கூட்டத்துக்கே பாடம் எடுக்கிறவர். இன்றைக்கு அதைத் தவிர மற்றதெல்லாம் சொல்கிறார். அவசரத்தில் புத்தி ஓடவில்லை போலிருக்கிறது, பாவம்.

போன் அடித்தது. "இதோ வந்துட்டேன்டா! நான் வராம எவனாவது கியர் போட்டீங்க, கையை ஒடிச்சிருவேன்!" என்று கத்திவிட்டு மறுபடி நடந்தார். ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிந்தது.

தெருமுனையிலிருந்து ஒரு குரல் வந்தது. "கேப்டனுக்கு வயசாயிடுச்சுடா! இனிமே அவருக்கு சாய்வு நாற்காலிதான்!" கொல்லென்று சிரிப்பு.

மெக்கானிக்குக்குப் பொறுக்கவில்லை. கை வைத்த வண்டியை அவன் வேண்டுமென்றே கெடுத்தது இதுதான் முதல் தடவை. நம்பி வண்டியைக் கொடுத்த மனுஷனை நாலு பேர் சிரிக்கும்படி நடுத்தெருவில் நிறுத்தியாயிற்றே! சட்டைப் பை நெருப்பாய்ச் சுட்டது.

"அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்களேன்."

அவள் உள்ளே போனதும் சீட்டைத் தூக்கினான், ஃபியூஸைச் செருகினான், ஸ்டார்ட்டரை அமுக்கினான்.

தட் தட் தட் என்று ஷெட்டே அதிர வண்டி உறுமியது. தெருமுனையில் விசில் பறந்தது.

"ஏறுங்கண்ணே, கிளம்புங்க!"

கேப்டன் அடித்துவைத்த முளை மாதிரி நின்றார். வீட்டுப் பக்கம் ஒரு பார்வை, தெருப் பக்கம் ஒரு பார்வை. பிறகு ஹேண்டில்பாருக்குக் கையை நீட்டினார். பாதியில் இழுத்து, பிளேட் வைத்த தோளைத் தடவிக்கொண்டார். அதே கையால் சிவப்பு சுவிட்சைத் தட்டி இன்ஜினை அணைத்தார்.

மெக்கானிக்கின் காதருகே குனிந்து, பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தார்.

"உன்னை யாருடா சரி பண்ணச் சொன்னது?"