பார்க்காமலே

ஜோஸ்லின் பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அம்மா படியிறங்கி நின்று மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை என்பது அம்மாவுடைய பழக்கம். பல வருடப் பழக்கம். அதற்கு மேல் போனதில்லை.

நான்கு.

எட்டு வயதுக் கை. பூட்டு அதற்குள் அடங்கவில்லை.

ஐந்து.

"வா ஜோஸ்லின், நேரமாச்சு."

போன வாரம் வகுப்பு டீச்சர் வரச் சொல்லியிருந்தார். ஜோஸ்லினின் பரீட்சைத் தாளில் பாதிக்கு மேல் வெறுமை. பெயரைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்று திரும்பத் திரும்பப் பார்த்ததிலேயே மணி அடித்துவிட்டதாம்.

"வீட்ல யாராவது இப்படி இருக்காங்களா?" என்று கேட்டார்.

அவள் மேசையைப் பார்த்தாள். பிறகு மேசையின் விளிம்பைப் பார்த்தாள்.



இப்போது தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். மணப்பாடு பஸ் எட்டேகாலுக்கு. அதை விட்டால் ஞானஸ்நானத்துக்குப் போய்ச் சேர முடியாது. தம்பியின் முதல் குழந்தை. குழந்தையை ஏந்தி நிற்க வேண்டிய ஞானத்தாய் அவள்தான்.

பஸ் தூரத்தில் தெரிந்தது.

அப்போதுதான் ஜோஸ்லின் அவள் முந்தானையைப் பிடித்தாள்.

"அம்மா, அயர்ன் பாக்ஸ ஆஃப் பண்ணியாம்மா?"

சேலையைத் தேய்த்தது நினைவிருந்தது. பெட்டியை நிமிர்த்தி வைத்தது நினைவிருந்தது.

ஸ்விட்ச்?

அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

 கட்டில் விரிப்பு, ஜன்னல் திரை, மேலே துணி மூட்டை. ஒவ்வொன்றாக மனதுக்குள் பற்றிக்கொண்டு எரிந்தன. புகை வாசனைகூட வந்துவிட்டது.

வீடு நாலு நிமிட நடை. ஓடினால் இரண்டு.

எத்தனையோ முறை ஓடியிருக்கிறாள். கல்யாணத்துக்குக் கிளம்பியபோது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது. தன் அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று போன் வந்த அன்றும் பாதி வழியில் இறங்கித் திரும்பி ஓடினாள்.

ஒவ்வொரு முறையும் ஸ்விட்ச் அணைந்தேதான் இருந்தது.

அப்பாவைத்தான் உயிரோடு பார்க்க முடியவில்லை.

பஸ் வந்து நின்றது.

பொய் சொல்லிவிடலாம். பண்ணிட்டேன் என்று ஒரு வார்த்தை. நாளைக்கும் இதே கேள்வி வரும். நாளை மறுநாளும் வரும்.

குனிந்து மகளின் முகத்துக்கு நேராக வந்தாள்.

"ஞாபகம் இல்லம்மா. பண்ணியிருப்பேன். வா, போவோம்."

ஜோஸ்லினின் கண்கள் வீட்டுப் பக்கம் போயின. திரும்பி வந்து அம்மாவிடம் நின்றன.

"பாக்காமலேயா?"

"பாக்காமலேதான்."

மகளை முன்னால் ஏற்றிவிட்டு அவளும் ஏறினாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

தெரு நகர்ந்தது. அவள் கழுத்தைத் திருப்பவில்லை. திருப்பாமல் இருக்க முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடிக்க வேண்டியிருந்தது.

உப்பளங்கள் வந்தன. வெயிலில் கண் கூசியது.

ஜோஸ்லின் வெளியே பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியை, உதட்டை, மறுபடி நெற்றியை.

அம்மா புருவத்தைச் சுளிக்காமல் வைத்திருந்தாள். மூச்சை மெதுவாக விட்டாள். முள்ளக்காடு போயிற்று. பழையகாயல் போயிற்று. மகளின் பார்வை போகவில்லை.

ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறியது.

"அம்மா, நான் ஜன்னல் பக்கம் உக்காரட்டா?"

இடம் மாறிக்கொண்டார்கள். ஜோஸ்லின் கம்பியில் கன்னத்தை வைத்தாள். காற்று முடியைக் கலைத்தது. கீழே தண்ணீரில் கிடந்த எருமைகளுக்குக் கையசைத்தாள்.

அதன் பிறகுதான் அம்மாவின் விரல்கள் நடுங்கத் தொடங்கின.

கைப்பையை மடியில் இழுத்து, கைகளை அதற்கடியில் வைத்துக்கொண்டாள்.