கூடை யாருக்கு?

விடிந்தும் விடியாமலும் பெட்ரோனா வீட்டு வாசலில் தியோதோரோ கூடையோடு நின்றார். பின்னால் ஏழெட்டுப் பேர். குவாத்தமாலாவில், எங்கள் அத்தித்லான் ஏரிக்கரையில், ரொட்டியும் காய்ச்சிக் குடிக்கும் சாக்லேட்டும் கூடையில் வந்தால் பெண் கேட்கிறார்கள் என்று அர்த்தம். கூடையைத் திறந்தால் சம்மதம்.

தெருவே எட்டிப் பார்த்தது. வீட்டில் கல்யாண வயதுப் பெண்கள் இருவர்: இங்கிலீஷ் கற்பிக்க அமெரிக்கக் கல்லூரி அனுப்பிய கெல்சி, சனிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறாள். அவள் நடத்துவதை எங்கள் மாயா மொழியில் விளக்குபவள் பெட்ரோனாவின் மகள் ஹசிந்தா.

"வெள்ளைக்காரியத்தான் கேக்குறாங்க," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

தியோதோரோ கூடையை இறக்கினார். "பெட்ரோனா, உன் மகளக் கேட்டு வந்திருக்கோம்."

"கூடையத் தூக்கிட்டுப் போங்கண்ணே! அவ படிக்கணும். உங்க மகன் அவளப் பாக்குற பார்வை எனக்குத் தெரியாதா?"

"அவன் வீட்ல தூங்குறான், விடும்மா. கெல்சி போயிட்டா வகுப்பு நின்னுடும். அந்தப் பொண்ணு நல்லாத்தான் நடத்துச்சு, ஆனா எங்களுக்குப் புரிஞ்சது உன் மக சொன்னதுதான். இனி அவதான் எங்க டீச்சர்."

"அதுக்கு எதுக்குக் கூடை?"

"வீட்டுப் பொண்ண வேற எப்படிக் கேக்குறதாம்?"

பெட்ரோனா கூடையைத் திறந்தாள். "உக்காருங்க, சாக்லேட் காய்ச்சுறேன்."

திங்கட்கிழமை ஹசிந்தா வகுப்பெடுத்தாள். அதுவரை அந்தப் பக்கமே வராத தியோதோரோவின் மகன், தலை வாரிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.